பிரான்ஸ் கால்வாய்ப் படகில சமையல் பழகுற லீவு: அம்மாவோட போகலாமா?

வெள்ளவத்தைக்காரி எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வாற வருசம் அறுபது வயசு. அண்ணா பாரிஸ்ல இருக்கிறார், நான் இங்க கொழும்பில, ரெண்டு பேரும் காசு சேர்த்து அவவை எங்கயாவது வடிவான இடத்துக்கு கூட்டிக்கொண்டு போவம் எண்டு கதைச்சுக்கொண்டிருக்கிறம். மியூசியம், ஷொப்பிங் ரெண்டும் அவவுக்கு அரை மணித்தியாலத்தில அலுத்துப்போகும், ஆனா ஆரும் புதுசா ஒரு சமையல் செய்யிறாங்கள் எண்டா கால் நோகுறதும் தெரியாமல் பக்கத்தில நிண்டு பாப்பா.

நெட்ல பாத்தன், பிரான்ஸ்ல கிராமப்பக்கம் கால்வாயில பழைய சரக்குப் படகை ஹோட்டலா மாத்தி ஒரு கிழமை கூட்டிக்கொண்டு போறாங்களாம், காலமை சந்தைக்குப் போய் சாமான் வாங்கி செஃபோட சேர்ந்து சமைக்கலாமாம். பேர்கண்டி பக்கம் ஒண்டு, தெற்கில கனால் டு மிடி பக்கம் ஒண்டு கண்டனான். ஒராளுக்கு ஆயிரக்கணக்கில யூரோ கேக்கிறாங்கள், அதால தான் கேட்டுட்டு முடிவெடுப்பம் எண்டு வந்தனான். உண்மையா எங்களை சமைக்க விடுவாங்களா இல்லாட்டி சும்மா இருத்தி வச்சு சாப்பாடு தாறதா? அம்மா மாடும் பன்றியும் சாப்பிடமாட்டா, வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும். போன ஆக்கள், அந்தப் பக்கம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ பிளீஸ்.

லாசப்பல்_குசினி எழுதினது:

தங்கச்சி, நான் பாரிஸ்ல கன வருசமா ரெஸ்டோரண்ட் குசினியில தான் வேலை. இங்க வந்த எங்கட ஆக்கள் எத்தனையோ பேர் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு மரக்கறி வெட்டி, பிறகு அடுப்புக்கு வந்தவை, பிரெஞ்சுக்காரன் சாப்பிடுற சோஸை எங்கட பெடியள் தான் கிண்டுறாங்கள். ஒரு கோடைக்கு பேர்கண்டியில ஒரு ஹோட்டல் படகிலயும் வேலை செஞ்சனான், அதால கொஞ்சம் விரிவாச் சொல்றன்.

முதல் விசயம் இடம். இங்க கனக்க கால்வாயளில படகை மேட்டுக்கு ஏத்தி இறக்கிற லொக் எண்ட தண்ணிக் கதவுத் தொட்டிகளை 1879ல வந்த சட்டத்தின்படி ஒரே அளவுக்குக் கட்டினவை, நீளம் 39 மீற்றர், அகலம் 5.2 மீற்றர். சரக்குப் படகு அதுக்குள்ள போறதுக்கு எண்டே 38.5 மீற்றர் நீளம், 5.05 மீற்றர் அகலம். லொக்குக்குள்ள போனா ரெண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளி தான். அந்த அகலத்துக்குள்ள அறை, பாத்ரூம், சாப்பாட்டு மேசை எல்லாம் போக குசினிக்கு மிஞ்சுறது ரெண்டு பேர் முதுகு முட்டாமல் நிக்கிற இடம். பிறகெப்பிடி பத்துப் பேர் ஒண்டா சமைக்கிறது? அதால விளம்பரத்தில "சமையல் வகுப்பு" எண்டு போட்டாலும் கன படகில நடக்கிறது என்னெண்டா செஃப் மேசையில வச்சு செஞ்சு காட்டுவார், நீங்கள் சுத்தி நிண்டு பாக்கிறது. புக் பண்ண முதல் ஈமெயில்ல கேளுங்கோ: ஒரு நேரத்தில எத்தனை பேர் அடுப்படியில, ஒவ்வொராளுக்கும் தனியா கத்தியும் வெட்டுற பலகையும் இருக்கா, கிழமையில எத்தனை நாள் வகுப்பு, நாங்கள் செஞ்சது தான் அண்டைக்கு இரவுச் சாப்பாடா. இதுக்கு நேராப் பதில் தராத இடத்துக்குக் காசு குடுக்காதேங்கோ.

ரெண்டாவது, என்ன பழகுறது. பேர்கண்டி எண்டா எல்லாரும் மாட்டிறைச்சியை சிவப்பு வைனில கொதிக்க வைக்கிறதைத் தான் சொல்லுவினம், அது உங்கட அம்மாவுக்கு வேண்டாம், அதால ஒரு நட்டமும் இல்லை. அவ பழகவேண்டியது முட்டை, பட்டர், மா, அதுகளில செய்யிற வேலை. கூஜேர் எண்டு ஒரு சீஸ் உருண்டை இருக்கு, பேர்கண்டியின்ர சொந்தச் சாமான். கால் லீற்றர் தண்ணியில 100 கிராம் பட்டரும் உப்பும் போட்டு கொதிக்க விட்டு, 150 கிராம் கோதுமை மாவை ஒரேயடியா கொட்டி, மரக்கரண்டியால நெருப்பிலயே வச்சு கிண்டோணும். சட்டியின்ர அடியில மெல்லிசா ஒரு ஏடு பிடிக்கும், அது தான் அடையாளம், மாவில இருந்த ஈரம் போட்டுது எண்டு அர்த்தம். இறக்கி சூடு கொஞ்சம் தணிய விட்டு நாலு முட்டை, ஒண்டு ஒண்டா. நாலாவது முட்டையை அடிச்சு வச்சுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமா விடோணும், சில நாள் முழுக்கத் தேவைப்படாது. புட்டுக்கு மா குழைக்கேக்க தண்ணி தெளிக்கிற மாதிரித் தான், அளவு புத்தகத்தில இருந்தாலும் முடிவு கையில. கரண்டியைத் தூக்கினா மா முக்கோணமா தொங்கி மெதுவா விழோணும். அதுக்குப் பிறகு துருவின சீஸ், கரண்டி கரண்டியா தட்டில வச்சு 200 டிகிரியில ஒரு 25 நிமிசம், நடுவில ஓவனைத் திறந்தா அமுங்கிப்போகும். வாழ்நாள் முழுக்க அடுப்படியில நிண்ட கைக்கு இது ஒருநாளில பிடிபட்டிடும், கொழும்புக்குத் திரும்பிப் போயும் செய்யலாம். முட்டை கிடக்கிறதால வெள்ளிக்கிழமைக்கு மட்டும் சரிவராது.

கடுகையும் விட்டுடாதேங்கோ. டிஜோன் கடுகு செய்யிறதும் எங்கட வீட்டில தாளிக்கிற அதே கபிலக் கடுகு இனம் தான். இவ்வளவு பேர் எடுத்த சாமானுக்கு விதை பெரும்பாலும் கனடாவில இருந்து வருது, 2021ல அங்க வெயில் கொளுத்தி விளைச்சல் போக 2022ல பிரான்ஸ்ல கடையளில கடுகுப் போத்தல் இல்லாமல் தட்டு வெறுமையாக் கிடந்தது, நாங்கள் குசினியில எண்ணி எண்ணித் தான் பாவிச்சம். போன் எண்ட ஊரில பழைய கடுகு ஆலை ஒண்டு இருக்கு, ஃபலோ எண்டு பேர், 1840ல இருந்து நடக்குது, இப்பவும் கல்லில அரைக்கிறாங்கள், உள்ள போய் பாக்கலாம். அச்சாறுக்கு கடுகை வினாகிரியில அரைக்கிற ஆள் எண்டா அந்த வாசத்திலயே உங்கட அம்மா நிண்டிடுவா.

கொட்டாஞ்சேனை_ராஜா எழுதினது:

அக்கா, நான் வேற மாதிரி ஒன்னு சொல்றேன். நாங்க ஃபேமிலியா கனால் டு மிடில சின்ன படகு வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டிட்டுப் போனோம். லைசன்ஸ் கேக்கல, கொஞ்ச நேரம் சொல்லிக் குடுத்துட்டு சாவிய கைல தந்துட்டாங்க. வேகம் மணிக்கு 8 கிலோமீற்றருக்கு மேல போகக்கூடாது, அதால பயப்பட ஒன்னும் இல்ல, பிள்ளைகள் கரையில சைக்கிள்ல எங்களுக்கு முன்னால போயிட்டாங்க.

அதுல முக்கியம் என்னன்னா சமையலறை உங்களோடது. கேஸ் அடுப்பு, சின்ன ஃபிரிஜ், சட்டி பானை எல்லாம் இருக்கு. கார்கசோன்ல கால்வாய் ரயில் ஸ்டேசனுக்கு முன்னாலயே போகுது, படக கட்டிட்டு நடந்தா ப்ளாஸ் கார்னோன்னு ஒரு சதுக்கம், செவ்வாய் வியாழன் சனி காலைல சந்தை. கத்தரிக்காய், தக்காளி, பூடு, கடல் மீன் எல்லாத்தையும் தூக்கிட்டு வந்து மனைவி நம்ம தூள் போட்டு ஒரு குழம்பு வச்சாங்க, பக்கத்துப் படகுல இருந்த வயசான பிரெஞ்சு ஜோடி வாசத்துக்கு எட்டிப் பாத்து, கடைசில ஒன்னாவே சாப்பிட்டோம், அந்த அம்மா அவங்க ரத்தத்தூய்ங்கிற காய்கறிக் கூட்டு எப்படி வைக்கிறதுன்னு மறுநாள் எங்க அடுப்புலயே வந்து செஞ்சு காட்டினாங்க. ஒவ்வொரு காயையும் தனித்தனியா ஒலிவ் எண்ணெயில வதக்கி கடைசில தான் ஒன்னாக்கணும்னு அவ்ளோ கண்டிப்பா சொன்னாங்க.

கால்வாயே பெரிய கதை. 1666ல தொடங்கி 1681ல திறந்தது, கட்டின ரிக்கே திறக்கிறதுக்கு முந்தின வருசம் செத்துட்டார். பெசியே பக்கம் படிக்கட்டு மாதிரி லொக் ஒன்னுக்கு மேல ஒன்னா இருக்கு, அத கட்டாயம் பாருங்க. ஒன்னு மட்டும் மனசு கஷ்டமா இருந்துச்சு, கரையோர பிளேன் மரங்களுக்கு 2006ல இருந்து ஒரு பூஞ்சை நோய், ஆயிரக்கணக்கில வெட்டிட்டாங்க, ஃபோட்டோல பாக்கிற நிழல் எல்லா இடத்துலயும் இப்ப இல்ல. ஜூலை ஆகஸ்ட்ல போனா வெயில் நேரா தலையில தான். அம்மாவோட போறதுன்னா அந்த ரெண்டு மாசம் வேணாம்.

வெள்ளவத்தைக்காரி எழுதினது:

லாசப்பல் அண்ணா, ராஜா தம்பி, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. நாங்களே ஓட்டுறது ஆசையாத் தான் இருக்கு, ஆனா லொக்கில கயிறு பிடிக்க, படகு கட்ட எண்டு அம்மாவும் ஓடித்திரிய வேண்டி வருமோ எண்டு யோசனை. அவவுக்கு ஒரு முழங்கால் கொஞ்சம் ஏலாது. மற்றது மரக்கறி விசயம், சீஸ் எல்லாம் வெள்ளிக்கிழமைக்கு சரி தானே?

பம்பலப்பிட்டி_மாமி எழுதினது:

பிள்ளை, நான் முழு மரக்கறி, ஹோட்டல் படகில போய் வந்தனான், அதால இதில எனக்குச் சொல்ல உரிமை இருக்கு. சீஸை நம்பி இருக்காதேங்கோ. பேர்கண்டிப் பக்கத்துப் பழைய சீஸ் வகையள், கொம்தே, எப்வாஸ் எல்லாம் கண்டுக்குட்டியின்ர இரைப்பையில இருந்து எடுக்கிற ரெனட் போட்டுத் தான் உறைய வைக்கிறது. எப்வாஸை மேலால சாராயத்தாலயும் கழுவுவினம். சிலருக்கு அது பரவாயில்லை, எனக்கு ஏலாது, உங்கட அம்மாவிட்டயே கேட்டு வையுங்கோ. அதைவிட மோசம் சூப். வெறும் மரக்கறி சூப் எண்டு வைப்பினம், அடியில கோழி அவிச்ச தண்ணி. பொய் சொல்லேல்லை, அவைக்கு அது இறைச்சிக் கணக்கில வராது. "இறைச்சி வேண்டாம்" எண்டு எழுதினாப் போதாது, ஸ்டொக், பன்றிக் கொழுப்பு, ஜெலற்றின், வைன் எண்டு ஒவ்வொண்டாப் பேர் சொல்லி எழுதோணும். நான் அப்பிடி எழுதினாப் பிறகு செஃப் பிள்ளை எனக்கெண்டு தனிச் சட்டியே வச்சிருந்தது, லீக்ஸும் உருளைக்கிழங்கும் பட்டரில மெதுவா வேக விட்டு செஞ்ச சூப்பை நான் இப்பவும் வீட்டில வைக்கிறனான், மிளகு மட்டும் கூட.

முழங்கால் விசயம் கட்டாயம் கேளுங்கோ. பழைய படகுகளில மேல் தட்டில இருந்து அறைக்கு இறங்கிற படி சரியான செங்குத்து. சில படகில மேல் தட்டிலயே அறை இருக்கு, சிலதில இல்லவே இல்லை. படியின்ர படம் அனுப்பச் சொல்லுங்கோ, அனுப்புவினம். லொக்கில நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை, வேலையாட்கள் பாப்பினம். படகு லொக்குக்குள்ள நிக்கேக்க இறங்கி கரைப் பாதையில மெதுவா நடந்து அடுத்த லொக்கில ஏறலாம், அவ்வளவு ஆறுதலாத் தான் போகும்.

தெகிவளை_பயணி எழுதினது:

விசா பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. ஷெங்கன் விசாவுக்கு பயணத்துக்கு ஆறு மாசத்துக்கு முதலே போடலாம், 15 நாளுக்குக் குறைஞ்சா ஏலாது, ஆனா கோடைக்கு அப்பொயின்ட்மென்ட் கிடைக்கிறது சிரமம், அதால ஏலுமான அளவு வேளைக்கே போடுங்கோ. பெரியாக்களுக்கு கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அண்ணா வீட்டில நிக்கிற நாளுக்கு அவர் தன்ர மெரியில, அதாவது நகரசபைக் கந்தோரில, விருந்தாளிப் பத்திரம் எடுத்து ஒரிஜினலை அனுப்போணும், படகில நிக்கிற நாளுக்கு புக்கிங் கடிதம். ரெண்டுக்கும் நடுவில ஒரு இரவும் விடுபடாமல் பாருங்கோ.

வெள்ளவத்தைக்காரி எழுதினது:

மாமி, நீங்கள் சொன்ன ஒவ்வொண்டையும் அப்பிடியே எழுதி எடுத்திட்டன். ஹோட்டல் படகு தான் எண்டு அண்ணாவோட முடிவெடுத்தாச்சு, பேர்கண்டிப் பக்கம். இண்டைக்கே ரெண்டு மூண்டு இடத்துக்கு லாசப்பல் அண்ணா சொன்ன கேள்விகளை அனுப்புறன். கடைசியா ஒண்டு, எந்த மாசம் நல்லம்? அம்மா தன்ர தூளும் கறிவேப்பிலையும் கொண்டுபோய் அந்த செஃபுக்கு ஒரு கறி வச்சுக் காட்டோணும் எண்டு இப்பவே நிக்கிறா, கொண்டு போக விடுவாங்களா?

லாசப்பல்_குசினி எழுதினது:

மே நடுப்பகுதியில இருந்து ஜூன் வரைக்கும், இல்லாட்டி செப்டெம்பர். மே 1 லொக் பூட்டு, அந்தக் கிழமையைத் தவிருங்கோ. பேர்கண்டிக் கால்வாய் 242 கிலோமீற்றர், அதில 189 லொக், நடுவில மேட்டில ஏறி இறங்குது. ஒவ்வொரு முறை கதவு திறக்கேக்கயும் மேட்டில இருக்கிற தண்ணி கீழ போகுது, அதை நிரப்புறது குளங்கள் தான். மழை குறைஞ்ச வருசத்தில கோடை கடைசியில தண்ணி காணாமல் சில பகுதியைப் பூட்டியிருக்கினம், அதால எனக்கெண்டா செப்டெம்பரை விட ஜூன் நல்லம். பூட்டினா எந்தக் கால்வாய்க்கு மாத்துவீங்கள், காசு திருப்பித் தருவீங்களா எண்டும் அந்த ஈமெயில்லயே கேளுங்கோ.

வறுத்து இடிச்ச தூள் கொண்டு வரலாம், நல்லா சீல் பண்ணி சூட்கேஸ்ல வையுங்கோ. பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், பச்சை இலை வகைக்கு தாவரச் சான்றிதழ் கேப்பாங்கள், கருவாடு பரவாயில்லை ஆனா இறைச்சி, பால் சாமான் ஒண்டும் ஏலாது. கறிவேப்பிலை, ரம்பை, தேங்காய்ப்பால் எல்லாம் பாரிஸ் லாசப்பலில, கார் டு நோர் ஸ்டேசனுக்குப் பக்கத்து எங்கட ஆக்களின்ர கடையளில இருக்கு, அண்ணாவை முதல் நாளே வாங்கி வைக்கச் சொல்லுங்கோ. அங்க இருந்து பாரிஸ்லயே இருக்கிற கார் டு லியோன் ஸ்டேசனுக்குப் போனா, பேர்கண்டியில இருக்கிற டிஜோனுக்கு டிஜிவி எண்ட வேக ரயில்ல ஒண்டரை மணித்தியாலம் சொச்சம், இலை வாடாது. செஃபுக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு வரி எழுதிப் போடுங்கோ, ஒரு நாள் மத்தியானம் அடுப்பை அம்மாவிட்ட விடச் சொல்லி. எனக்குத் தெரிஞ்ச செஃப்மாரில ஒருத்தரும் அதுக்கு மாட்டன் எண்டு சொன்னதில்லை.