போர்ப் பகுதில பேட்டி எடுக்கும்போது கையெழுத்து வாங்கியே ஆகணுமா?

கள_மாணவி:
வணக்கம். பிஎச்டிக்காக, சண்டை இன்னும் முழுசா ஓயாத ஒரு பகுதில இடம்பெயர்ந்த குடும்பங்கள பேட்டி எடுக்கப் போறேன். எங்க எதிக்ஸ் கமிட்டி ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒப்புதல் படிவத்துல கையெழுத்து கேக்குது. ஆனா அங்க பேப்பர்ல பேர் எழுதுறதுன்னாலே ஜனங்களுக்கு பயம், அது நியாயமான பயம்தான், செக்பாயிண்ட்ல என் பையைத் தொறந்து பாத்தா அவங்க கதி என்ன? கமிட்டிகிட்ட எப்படி பேசுறது?

தரவு_தேனீ:
வாய்மொழி ஒப்புதலுக்கு அனுமதி கேளுங்க. மனுஷங்கள வச்சு செய்யுற ஆய்வுக்கான அமெரிக்க விதி காமன் ரூல், அதுலயே, ஆள காட்டிக்குடுக்குற ஒரே ஆவணம் அந்த படிவம்தான், ரகசியம் வெளிய போறதுதான் முக்கிய ஆபத்துன்னா கையெழுத்த தவிர்க்கலாம்னு இடம் இருக்கு. உங்க நாட்டு விதி வேற மாதிரி இருக்கலாம், ஆனா வாதம் அதேதான். இந்த படிவம் யார பாதுகாக்குது, பல்கலைக்கழகத்தையா பேசுறவங்களையான்னு நேரடியாவே எழுதுங்க.

வடக்குக்காற்று:
கையெழுத்த விட எனக்கு பெரிய கவலை, "ரகசியமா வச்சிருப்போம்"னு நாம குடுக்குற வாக்குதான். பாஸ்டன் காலேஜோட பெல்ஃபாஸ்ட் ப்ராஜெக்ட் தெரியும்ல? வட அயர்லாந்துல ஆயுதக் குழுக்கள்ல இருந்தவங்க, உயிரோட இருக்குற வரைக்கும் வெளிய வராதுங்கற நம்பிக்கைல 2001லேருந்து பேசினாங்க. 2011ல அமெரிக்க கோர்ட் வழியா சப்பீனா, அதாவது பதிவுகள ஒப்படைக்கச் சொல்ற உத்தரவு வந்துச்சு, கடைசில சில பேட்டி டேப்புகள் போலீஸ் கைக்கே போச்சு, 2014ல, அப்போ சின் ஃபெய்ன் கட்சித் தலைவரா இருந்த ஜெரி ஆடம்ஸ கைது பண்ணி விசாரிச்சாங்க, அப்புறம் குற்றச்சாட்டு இல்லாம விட்டுட்டாங்க. பேசினவங்க நிலைமைய யோசிங்க! கோர்ட் கேட்டா உங்களால மறுக்க முடியாதுன்னா அத முன்னாடியே சொல்லிடணும். யார் சுட்டது, யார் காட்டிக்குடுத்ததுன்னு உங்க ஆய்வுக்கு தேவையில்லாத கேள்விய கேக்கவே கேக்காதீங்க, கையில இல்லாதத யாரும் பறிக்க முடியாது.

மலர்_கள ஆய்வு:
தோழி, உங்க மொழிபெயர்ப்பாளர் பத்தி ஒரு வார்த்தை கூட இல்லையே. நீங்க வேலை முடிஞ்சா ஊருக்கு கிளம்பிடுவீங்க, அவங்க அதே தெருவுலதான் இருக்கணும், நாளைக்கு யாராவது வந்து "அந்தப் பொண்ணுகிட்ட யார் என்ன சொன்னா"ன்னு கேட்டா அவங்களதான் கேப்பாங்க. அதனால எந்த வீட்டுக்குப் போகலாம் எதுக்கு வேணாம்ங்கறதுல அவங்க சொல்றதுதான் கடைசி. நன்றியுரைல பேர் போடலாமான்னும் கேட்டுக்கோங்க. போட்டா நல்லதுன்னு நாம நினைப்போம், அவங்களுக்கு அது ஆபத்தா முடியலாம்.

இன்னொண்ணு, அந்த ஜனங்கள ஏற்கனவே எத்தன பேர் பேட்டி எடுத்திருக்காங்கன்னு பாருங்க. ஈராக்ல ஐ.எஸ். கொடுமைக்கு ஆளான யாசிதி சிறுபான்மைப் பெண்கள்கிட்ட பத்திரிகைக்காரங்களும் அமைப்புகளும் திரும்பத் திரும்ப அதே கொடுமைய சொல்ல வச்சாங்க, அந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகுதான் பாலியல் வன்முறைக்கு ஆளானவங்ககிட்ட எப்படி தகவல் சேகரிக்கணும்னு 2022ல முராத் கோட்னு ஒரு நெறிமுறையே வந்துச்சு. பழைய பதிவுகள்ல பதில் கிடைச்சா அந்த கேள்விய விட்டுடுங்க.

கள_மாணவி:
ரொம்ப நன்றி, மொழிபெயர்ப்பாளர்கிட்ட இந்த வாரமே பேசிடுறேன். கையெழுத்து இல்லன்னா ஒப்புதலுக்கு எத ஆதாரமா காட்டுறது?

தரவு_தேனீ:
ஒரு கோட் நம்பர், "விளக்கினேன், சம்மதிச்சாங்க"ன்னு உங்க கையெழுத்து, அவ்ளோதான். ரெக்கார்டிங்ல பேரோ ஊரோ சொல்ல வைக்காதீங்க. எந்த கோட் யாருங்கற பட்டியல் தேவைப்படலன்னா எழுதவே வேணாம்.