அப்பாவின் பழைய 5.1 ஆம்ப்ளிஃபையரில் கம்ப்யூட்டரை இணைத்தேன், வசனம் மட்டும் கேட்கவில்லை

செம்பூர் மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மும்பை செம்பூர், சேடா நகர்லேர்ந்து எழுதறேன். எங்க அப்பா மஸ்கட்ல வேலையில இருந்தப்ப, 2003-ல லீவுக்கு வரும்போது ஒரு யமஹா 5.1 ரிசீவர் வாங்கிட்டு வந்தார். ஏர்போர்ட்லேர்ந்து வரும்போது அந்தப் பெட்டியை டாக்சி டிக்கியில வைக்க விடலை, பக்கத்து சீட்லயே வெச்சு ஒரு கையால அணைச்சுக்கிட்டு வந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. டிவிடி பிளேயர் போனதுக்கப்புறம் ஆறேழு வருஷமா அது சும்மாவே கிடந்தது. போன மாசம் அம்மா "எடைக்குப் போட்டுடலாமா"ன்னு கேட்டாங்க. அப்பா பதில் பேசலை. ஒரு பழைய பனியன் துணியை எடுத்து அதைத் துடைக்க ஆரம்பிச்சுட்டார். அதைப் பார்த்துட்டுத்தான் நான் இதுல இறங்கினேன்.

ஆம்ப்ல குறை ஒண்ணும் தெரியலை. ஸ்விட்ச் போட்டா கொஞ்ச நேரத்துல உள்ளே ரிலே "டக்"குனு விழுது, டெஸ்ட் டோன் போட்டா அஞ்சு ஸ்பீக்கரும், சப் ஊஃபரும் ஒண்ணொண்ணா சத்தம் கொடுக்குது. பின்னாடி எச்டிஎம்ஐ கிடையாது. வரிசையா ஆர்சிஏ ஓட்டைகள் (சிவப்பு, வெள்ளை பின் சொருகற வட்ட ஓட்டைங்க), "மல்ட்டி சேனல் இன்புட்"னு ஆறு ஓட்டை, டிஜிட்டல் ஒலிக்கு ஆப்டிகல் ரெண்டு, கோஆக்சியல் ஒண்ணு.

நான் செஞ்சது இதுதான்: கம்ப்யூட்டரோட பச்சை ஓட்டையிலேர்ந்து ரெண்டு ஆர்சிஏ பின் வர்ற ஒயரை, ஆம்ப்ல "சிடி"ன்னு போட்டிருக்கற இடத்துல சொருகினேன். சத்தம் வருது. ஆனா ரெண்டு பிரச்சினை. ஒண்ணு, படம் ஓடாதப்பகூட "ம்ம்ம்"னு ஒரு இரைச்சல். ரெண்டாவதுதான் பெரிசு. அப்பாவுக்கு இப்ப 74 வயசு. வசனம் பிடிபட மாட்டேங்குது. சண்டைக்காட்சி வீட்டையே தூக்குது, பேச ஆரம்பிச்சா முணுமுணுப்பு. ரிமோட்டைக் கையிலயே வெச்சுக்கிட்டு ஏத்தி இறக்கி, அரை மணி நேரத்துல "போதும்மா"ன்னு எழுந்து போயிடறார். டிவிடி காலத்துல இதே ஸ்பீக்கர்ல பேச்சு தெளிவா கேட்டிருக்கு.

ஒரு கடையில விசாரிச்சேன், "இதெல்லாம் வேலைக்காகாது, சவுண்ட்பார் வாங்குங்க"ன்னுட்டாங்க. எனக்கு மனசு வரலை. நடு ஸ்பீக்கர்ல வசனம் தனியா வரணும்னா எந்த ஒயரை எங்கே போடணும்?


மாட்டுங்கா ஒலிக்கூடம் எழுதியது:

சகோதரி, எடைக்குப் போடாம நிறுத்தினீங்களே, அதுக்கு முதல்ல நன்றி.

அப்பா காதுல தப்பில்லை, ஆம்ப்லயும் தப்பில்லை. டிவிடி பிளேயர்லேர்ந்து ஆம்புக்கு ஆறு தடமும் தனித்தனியா போயிருக்கும்: இடது, வலது, நடு, பின்பக்கம் ரெண்டு, சப் ஊஃபர். படத்துல பேச்சு பெரும்பாலும் நடுத்தடத்துலதான் இருக்கும். இப்ப நீங்க போட்டிருக்கற ஒயர் ரெண்டே தடத்துக்கானது. அதனால கம்ப்யூட்டர் எல்லாத்தையும் அந்த ரெண்டுக்குள்ள போட்டுப் பிசைஞ்சு அனுப்புது. நடுத்தடத்தை 3 டெசிபல் குறைச்சு இடதுலயும் வலதுலயும் சமமா கலக்கறதுதான் வழக்கம். சாதமும் குழம்பும் பிசைஞ்சதுக்கப்புறம் சாதத்தை மட்டும் தனியா எடுக்க முடியாதில்ல, அந்தக் கதைதான். பேச்சை மட்டும் தூக்கறதுக்கு எந்தக் குமிழைத் திருகினாலும் நடக்காது.

கம்ப்யூட்டர் பின்னாடி சின்னச் சதுர ஓட்டை ஒண்ணு இருக்கான்னு பாருங்க. உள்ளே சிவப்பா வெளிச்சம் தெரியும். அதுதான் ஆப்டிகல். தோஷிபா 1983-ல கொண்டு வந்த இணைப்பு, அதனாலதான் டாஸ்லிங்க்னு பேர். அது இருந்தா ஒரே ஒயர்ல வேலை முடிஞ்சது.

இதுல எல்லாரும் தடுக்கி விழற இடம் ஒண்ணு இருக்கு. ஆப்டிகல்ல சுருக்காத ஒலின்னா ரெண்டு தடம்தான் போகும். 5.1 போகணும்னா, படத்துல டால்பி டிஜிட்டலாவோ டிடிஎஸ்ஸாவோ சுருக்கி வெச்சிருக்கறதைக் கம்ப்யூட்டர் பிரிக்காம அப்படியே ஆம்புக்குத் தள்ளணும். பிரிக்கற வேலையை ஆம்ப் பார்த்துக்கும். 2003 மாடல்னா ரெண்டையும் பிரிக்கத் தெரியும். விண்டோஸ்ல ஆப்டிகலுக்கு 5.1னு ஒரு தேர்வைத் தேடாதீங்க, அது வராது. வரலைன்னு பார்த்துட்டுத்தான் நிறையப் பேர் "இதுல ஸ்டீரியோதான்"னு கைவிட்டுடறாங்க. நீங்க மாத்த வேண்டியது பிளேயர்ல. விஎல்சியில டூல்ஸ், பிரிஃபரன்ஸஸ், ஆடியோ போனா எஸ்பிடிஐஎஃப் பாஸ்த்ரூன்னு ஒரு வரி இருக்கும், பிரிக்காம அப்படியே தள்ளறதுக்குத்தான் அந்தப் பேர், அதை இயக்குங்க. ஆம்ப் ரிமோட்ல இன்புட் மோடை "ஆட்டோ"வுல வைங்க. "அனலாக்"ல இருந்தா ஆப்டிகலை அது கண்டுக்கவே கண்டுக்காது. எந்த ஆப்டிகல் ஓட்டையில சொருகறீங்களோ, அதுக்குப் பக்கத்துல அச்சடிச்சிருக்கற பேரைத்தான் ரிமோட்ல அமுக்கணும்.

இதெல்லாம் சரியா அமைஞ்சா ஆம்ப் முகப்புல டால்பி டிஜிட்டல்னு எழுத்து எரியும். அப்புறம் "லெவல்" பட்டன்ல சென்டரை மட்டும் ரெண்டு மூணு டெசிபல் ஏத்துங்க. அப்பாவுக்கு வேண்டியது அதுதான்.

ஒயர் லேமிங்டன் ரோட்ல கிடைக்கும், கிராண்ட் ரோடு ஸ்டேஷன்லேர்ந்து நடந்துடலாம். தங்க முலாம் பூசினதுன்னு கூடுதல் விலை சொன்னா வேண்டாம். இதுல போறது வெளிச்சம், தங்கத்துக்கு அங்கே வேலையில்லை.


சயான் ஒயர்மேன் எழுதியது:

அந்த "ம்ம்ம்" பத்தி யாரும் சொல்லலை, நான் சொல்றேன்மா. அது கிரவுண்ட் லூப். நம்ம கரண்டோட 50 ஹெர்ட்ஸ்தான் ஸ்பீக்கர்ல பாடுது. டிடிஎச் பெட்டியையும் அதே ஆம்ப்ல மாட்டியிருக்கீங்களா? மாட்டியிருந்தா, மொட்டை மாடி டிஷ்லேர்ந்து வர்ற ஒயரைப் பெட்டி பின்னாடி திருகிக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் கேளுங்க. இரைச்சல் நின்னுட்டா காரணம் அதுதான். கம்ப்யூட்டர் மூணு பின் வழியா ஒரு எர்த்தைத் தொடுது, டிஷ் மாடியில வேற எர்த்தைத் தொடுது. ரெண்டுக்கும் நடுவுல உங்க ஆர்சிஏ ஒயர் பாலமா நிக்குது.

சில பேர் கம்ப்யூட்டர் பிளக்குல பெரிய பின்னை உடைச்சுவிடச் சொல்லுவாங்க. இரைச்சல் போகும், ஆனா பெட்டியில கசிவு வந்தா அந்தக் கரண்ட் தொடறவங்க உடம்பு வழியாத்தான் இறங்கும். வயசானவங்க இருக்கற வீடு. தயவுசெய்து அதைச் செய்யாதீங்க. ஆப்டிகலுக்கு மாறிட்டா இந்தப் பாலமே இருக்காது, பிளாஸ்டிக் இழையில கரண்ட் போகாது.

அப்புறம், நம்ம ஊர் ஈரக்காத்துல இத்தனை வருஷம் கிடந்த ஓட்டைங்க. ஆர்சிஏ வளையத்துல பச்சையா, மங்கலா படிஞ்சிருக்கும். ஆம்பை அணைச்சுட்டு பஞ்சுக்குச்சியில ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க. துணி பத்தாது. கல்ஃப்லேர்ந்து வந்த ஆம்ப் சிலதுல பின்னாடி வோல்டேஜ் மாத்தற திருகு இருக்கும், அது 220-240ல நிக்குதான்னும் ஒரு கண் பார்த்துடுங்க.


வாஷி பொறியாளர் எழுதியது:

ஆப்டிகல் இல்லாத கம்ப்யூட்டரா இருந்தாலும் வழி இருக்கிறது. அந்த ஆறு ஓட்டை மல்ட்டி சேனல் இன்புட் இதற்காகவே வைத்தது. மதர்போர்டில் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று ஓட்டைகள் இருந்தால், 3.5 எம்எம் - இரண்டு ஆர்சிஏ ஒயர் மூன்று வாங்குங்கள். பச்சை முன் இரண்டுக்கு, கறுப்பு பின் இரண்டுக்கு, ஆரஞ்சு நடுவுக்கும் சப் ஊஃபருக்கும். பேச்சு சப் ஊஃபரில் உறுமினால் ஆரஞ்சு ஒயரின் இரண்டு பின்னையும் இடம் மாற்றுங்கள்.

இதில் எந்த வகைக் கோப்பும் 5.1 ஆகக் கேட்கும், ஆம்ப் எதையும் பிரிக்க வேண்டியதில்லை. இதுதான் நேர்மையான வழி என்பது என் கருத்து. ஆனால் பழைய ஆம்ப்கள் பலவற்றில் இந்த இன்புட்டுக்கு ஸ்பீக்கர் தூரம், சிறிய ஸ்பீக்கரின் பாஸைச் சப் ஊஃபருக்குத் திருப்புவது போன்ற அமைப்புகள் வேலை செய்யாது, அவற்றைக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியிருக்கும். ஃபோனோ என்று எழுதிய ஓட்டையில் மட்டும் எதையும் சொருகாதீர்கள். அது இசைத்தட்டு முள்ளின் மெல்லிய சிக்னலுக்கானது, கம்ப்யூட்டர் ஒலி அதில் கிழிந்துபோகும்.


செம்பூர் மகள் எழுதியது:

சனிக்கிழமை லேமிங்டன் ரோடு போய் ரெண்டு மீட்டர் ஆப்டிகல் ஒயர் வாங்கிட்டு வந்தேன். சொருகினேன், சத்தமே இல்லை. ஒரு மணி நேரம் எல்லா செட்டிங்ஸும் மாத்திப் பார்த்தேன். அப்பா டார்ச் அடிச்சுக்கிட்டுப் பின்னாடி குனிஞ்சு நின்னார். அவர்தான் ஒயரைப் பிடுங்கிக் கண்ணாடியைக் கழட்டிட்டு நுனியைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தார். நுனியில உளுத்தம்பருப்பு அளவுக்கு ஒரு கண்ணாடி நிற பிளாஸ்டிக் மூடி! அதோடயே சொருகியிருக்கேன். கழட்டினதும் சிவப்புப் புள்ளி அவர் உள்ளங்கையில விழுந்தது.

இரைச்சல் சுத்தமா போயிடுச்சு. ஆப்டிகல் போடறதுக்கு முன்னாடி டிஷ் ஒயரைக் கழட்டியும் பார்த்தேன், ஒயர்மேன் சார் சொன்னதேதான்.

பாஸ்த்ரூ போட்டதும் டிவிடியிலேர்ந்து ஏத்தி வெச்ச படங்களுக்கு டால்பி டிஜிட்டல் எழுத்து எரியுது. ஆனா சில படங்களுக்கு வெறும் பிசிஎம்னு (சுருக்காத ஒலி) காட்டுது, அதுல மறுபடி பழைய முணுமுணுப்பு. ஏன்?


மாட்டுங்கா ஒலிக்கூடம் எழுதியது:

அந்தப் படங்கள்ல ஒலி ஏஏசிங்கற வேற ஒரு முறையில சுருக்கியிருக்கும். அதைப் பிரிக்க உங்க ஆம்புக்குத் தெரியாது, அதனால பிளேயரே பிரிச்சு ரெண்டு தடமா அனுப்புது. விஎல்சிக்குப் பதிலா "கோடி" (Kodi)ங்கற பிளேயரைப் போடுங்க. சிஸ்டம், ஆடியோ பகுதியில சேனல் எண்ணிக்கையை 2.0ன்னு வெச்சு, பாஸ்த்ரூவை அனுமதிச்சு, டால்பி டிஜிட்டல் டிரான்ஸ்கோடிங்கை இயக்குங்க. 2.0ன்னு வைக்கறது தலைகீழாத் தோணும், ஆனா 2.0 வெச்சாத்தான் அந்தத் தேர்வே கண்ணுக்குத் தெரியும். அப்புறம் எந்த 5.1 வந்தாலும் அதுவே டால்பி டிஜிட்டலா மாத்தித் தரும்.

பிரவுசர்ல பார்க்கற படங்கள் ஆப்டிகல்ல ரெண்டு தடமாத்தான் வரும். அதுக்கு ஆம்ப்ல புரோ லாஜிக் 2 மூவி மோடைப் போடுங்க. ரெண்டு பக்கமும் பொதுவா இருக்கற ஒலியைப் பிரிச்சு நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும், பேச்சு பெரும்பாலும் அதுல வந்துடும். அசல் ஆறு தடம் மாதிரி வராது, ஆனா நீங்க முன்னே கேட்டதைவிட எவ்வளவோ மேல்.


செம்பூர் மகள் எழுதியது:

கோடி வழி வேலை செய்யுது. சென்டரை 4 டெசிபல் ஏத்தியிருக்கேன். பாஸ்த்ரூல கம்ப்யூட்டர் வால்யூம் நகர்த்தினா ஒண்ணும் ஆகலை, ஆம்ப் ரிமோட்தான். அப்பாவுக்கு அதுவே பிடிச்சிருக்கு, அந்த ரிமோட்ல எண்கள் அழிஞ்சும் அவர் விரலுக்கு இடம் தெரியுது. நேத்து ராத்திரி ஒரு படம் முழுசா உட்கார்ந்து பார்த்தார். நடுவுல அம்மா ஏதோ கேட்டதுக்கு, "இரு, அவ என்ன சொல்றான்னு கேக்கணும்"னார். நான் சமையலறைக்குப் போய் நின்னுக்கிட்டேன்.

ஒண்ணே ஒண்ணு. ராத்திரி பத்து மணிக்கு மேல வெடிச்சத்தம் வந்தா கீழ் வீட்டு மாமி பாவம். வசனம் அப்படியே இருந்து வெடி மட்டும் குறைய வழி இருக்கா?


சயான் ஒயர்மேன் எழுதியது:

ரிமோட்ல "நைட்"னு பட்டன் இருக்கான்னு பாருங்கம்மா. டால்பி டிஜிட்டல் வரும்போது அதைப் போட்டா பெரிய சத்தம் அடங்கும், மெல்லிய பேச்சு மேலே வரும். அப்புறம் சப் ஊஃபருக்கு அடியில கெட்டியா ஒரு ரப்பர் மேட் போடுங்க. கீழ் வீட்டுக்குத் தரை வழியா இறங்கற அதிர்வு குறையும்.