பிங்க் ஃபிளாய்டின் முதல் இசைத்தட்டு: மோனோவா, ஸ்டீரியோவா?

கேள்வி:
‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ இசைத்தொகுப்பு வழியாக பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவை அறிந்த நான், 1967 ஆகஸ்டில் வெளியான அவர்களது முதல் இசைத்தட்டான ‘த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்’ தொகுப்பை அண்மையில் கேட்டபோது, வேறு யாரோ வாசிப்பதாகவே தோன்றியது. பூனையையும் மிதிவண்டியையும் பற்றிய பாடல்களுக்கு நடுவே, ‘இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்’ என்ற பெயரில் ஏறத்தாழ பத்து நிமிட வாத்திய வெள்ளம் எதற்கு? எல்லா ஒலியும் ஒரே தடமாக வரும் மோனோவில் கேட்டால் விளங்குமா?

மறுமொழி 1:
தங்கள் செவி பொய் சொல்லவில்லை. இதன் பெரும்பாலான பாடல்களை எழுதியவர், 1968-இல் குழுவைவிட்டு விலகிய சிட் பாரெட். பின்னாளில் கிதார் கலைஞராகச் சேர்ந்த டேவிட் கில்மோர் அப்போது குழுவிலேயே இல்லை. அந்த நீண்ட வாசிப்புதான் லண்டன் மேடைகளில் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது. பீட்டில்ஸின் ஒலிப்பொறியாளராக இருந்த நார்மன் ஸ்மித், தயாரிப்பாளராக அமர்ந்து மற்றவற்றைச் சிறு பாடல்களாகச் செதுக்கினார். எனக்கு அந்த முரண்தான் பிடித்திருக்கிறது.

மறுமொழி 2:
அக்காலத்தில் மோனோ கலவைக்கே முதன்மை தரப்பட்டதால், கிதாரும் ஆர்கனும் அதில் இறுகிப் பிணைந்து ஒலிக்கின்றன. ஆனால், ‘ஓவர்டிரைவ்’ முடியும் தறுவாயில் மூல மெட்டு திரும்பும்போது, ஒலி ஒரு காதிலிருந்து மறு காதுக்குத் தாவித் தாவி ஓடுவதை, இடம் வலம் என இரு தடங்களாக ஒலிக்கும் ஸ்டீரியோவில்தான், அதுவும் ஹெட்ஃபோனில்தான், கேட்க முடியும். முதலில் மோனோவைக் கேளுங்கள். அந்த ஒரு பகுதிக்கு மட்டும் ஸ்டீரியோவுக்கு மாறுங்கள்.

மறுமொழி 3:
வாங்குவதானால் பாடல் பட்டியலைச் சரிபாருங்கள். அன்றைய அமெரிக்கப் பதிப்பில் ‘ஆஸ்ட்ரோனமி டோமினி’, ‘பைக்’ இரண்டுமே கிடையாது.