மறு: "டேப்பர்" என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் – கண் சொட்டு மருந்துக் குறிப்புக்காக

குழுவினருக்கு வணக்கம்.

ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த கண் சொட்டு மருந்துக்கு, நோயாளி கையில் கொடுக்கும் ஒரு பக்கக் குறிப்பை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். எல்லாம் ஓரளவு முடிந்துவிட்டது, "டேப்பர்", அதாவது மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது, அதற்கு ஒரு தமிழ்ச்சொல் மட்டும் கிடைக்காமல் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நான் கேட்டதற்கு உங்களிடமிருந்து வந்த பரிந்துரைகளை எல்லாம் குறிப்பில் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருள். கண்ணில் அழற்சியை அடக்கி வைத்திருக்கும் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால், அடங்கியது மறுபடி கிளம்பலாம். அதனால் நாளுக்கு நான்கு வேளை ஒரு வாரம், மூன்று வேளை ஒரு வாரம், அப்புறம் இரண்டு, ஒன்று என்று மருத்துவர் எழுதித் தருவார். எல்லாருக்கும் இது தேவைப்படாது. சில நாள் மட்டும் போட்ட மருந்தை அப்படியே நிறுத்தச் சொல்வதும் உண்டு. எது யாருக்கு என்பதை முடிவு செய்வது மருத்துவர். சொல்லிலேயே அந்தச் சாயல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

> "அளவைக் குறைத்தல்" என்று எழுதினால் போதாதா? எதற்குப் புதுச்சொல்?

போதாது என்று நினைக்கிறேன், ஐயா. குறைப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாமே! சிவப்பு போய்விட்டது, உறுத்தல் இல்லை, சரி, நாளையிலிருந்து குறைத்துக்கொள்வோம் என்று மூன்றாம் நாளே தோன்றும். தவிர, இங்கே "அளவு" என்பதே பிழை. ஒரு வேளைக்கு ஒரு சொட்டு என்பது கடைசி நாள் வரை மாறாது, குறைவது வேளைகளின் எண்ணிக்கைதான். கீழிமையை இழுத்தால் கிடைக்கும் பைக்குள் சுமார் 30 மைக்ரோலிட்டர்தான் நிற்கும். ஒரு சொட்டே 25 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். இரண்டு சொட்டு விட்டால் மிச்சம் கன்னத்தில்தான் வழியும். அரைச் சொட்டு விடவோ வழியே இல்லை.

> கூம்பிறக்கம். மூலச்சொல்லின் வடிவம் அப்படியே வருகிறது.

வருகிறது, ஆனால் நோயாளிக்குக் கூம்பு எங்கே தெரியும்? ஆங்கிலத்தில் டேப்பர் என்பது முதலில் மெழுகுத்திரிக்குப் பெயர். அவர்கள் வீட்டில் இருந்த திரியைப் பார்த்துச் சொல் எடுத்தார்கள். நாமும் நம் வீட்டில் இருப்பதைப் பார்ப்போமே.

> தேய்முறை. தேய்பிறை மாதிரி, நாள் கணக்கில், ஒழுங்காக.

இதைப் படித்ததும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. நிலவு தன் இஷ்டத்துக்கு ஒரு நாள் தாண்டித் தேயாது, அழகான உவமை. குறிப்பில் எழுதிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. இரண்டு வரி மேலே "கண்ணைத் தேய்க்காதீர்கள்" என்று இருக்கிறது. இன்னும் கீழே, கருவிழி ஏற்கெனவே மெலிந்திருப்பவர்களுக்கு ஸ்டீராய்டால் அது ஓட்டையாகிவிடும் ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கை வருகிறது. அந்தப் பக்கத்தில் "தேய்" என்று எதைச் சொன்னாலும் தப்பாகத்தான் போகும். மனமில்லாமல் விடுகிறேன்.

என் வாக்கு "படியிறக்கம்" என்பதற்கு. எத்தனை படி, ஒவ்வொரு படியிலும் எத்தனை நாள் என்பதை வேறொருவர் கட்டி வைத்திருக்கிறார், நாம் இறங்குகிறோம். நடுப்படியிலிருந்து குதிக்கக் கூடாது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. "படியிறக்க அட்டவணை" என்றால் அட்டையிலும் பொருந்துகிறது. பதவியிறக்கம் மாதிரி ஒலிக்கிறது என்று தனிமடலில் ஒருவர் கேலி செய்தார். ஸ்டீராய்டைப் பதவியிறக்கத்தானே போகிறோம்!

இனி எனக்கே குழப்பமாக இருந்த இடம். புட்டியில் இரண்டு மருந்து இருக்கின்றன. உதாரணத்துக்கு டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் 0.3 சதவீதம், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 0.1 சதவீதம். படியிறங்க வேண்டியது இரண்டாவது மட்டும். ஆன்டிபயாட்டிக்கைப் படியிறக்கக் கூடாது. குறைந்த மருந்தில் பிழைத்துக்கொள்ளும் பாக்டீரியாவுக்கு அந்த மருந்தையே தாங்கும் வலு வந்துவிடலாம். அதை முழு வேகத்தில் போட்டு, சொன்ன நாளில் நிறுத்த வேண்டும். ஒரே புட்டி என்பதால் ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறைகிறது. ஆகவேதான் நீண்ட படியிறக்கம் தேவைப்பட்டால், ஆன்டிபயாட்டிக் நாட்கள் முடிந்ததும் ஸ்டீராய்டு மட்டும் உள்ள புட்டிக்கு மருத்துவர்கள் மாற்றுவதுண்டு. "புட்டியைப் படியிறக்குங்கள்" என்ற என் பழைய வரியை நீக்கிவிட்டேன். "ஸ்டீராய்டைப் படியிறக்கும் முறை" என்பதே தலைப்பு. ஆன்டிபயாட்டிக் பக்கத்துக்கு "கோர்ஸ்" என்றே விடுகிறேன். "முழுக்கெடு" என்று ஒரு பரிந்துரை வந்தது. அவசரத்தில் படிப்பவர் முழுசாகக் கெடு என்று படித்துவிடுவார்.

> சஸ்பென்ஷன் (கரையாத பொடி மிதக்கும் மருந்து) = தொங்கல். பாடநூல் சொல் இருக்கிறதே.

இருக்கிறது. ஆனால் தொங்கலை யாரும் குலுக்க மாட்டார்கள். "அடியில் மருந்து படியும், நன்றாகக் குலுக்குங்கள்" என்று எழுதிவிட்டேன். டோப்ராமைசின்–டெக்சாமெத்தசோன் சொட்டில் ஸ்டீராய்டு கரைந்திருக்காது, பொடியாக மிதந்துகொண்டிருக்கும். குலுக்காமல் விட்டுக்கொண்டே வந்தால் முதலில் நீர்த்ததும் கடைசியில் கெட்டியானதும் விழும். படியிறக்கம் படியேற்றமாகிவிடும்.

"மாஸ்கிங்" பற்றியும், அதாவது மருந்து நோயின் அறிகுறியை மட்டும் மறைத்துவிடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். "மூடிமறைப்பு" போதும் என்பது என் கருத்து. ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் கருவிழியில் கிளை கிளையாகப் புண் போடும்போதும் கண் சிவக்கும். பூஞ்சைத் தொற்றிலும் சிவக்கும். மிச்சம் இருக்கிற புட்டியை எடுத்து விட்டால் ஸ்டீராய்டு சிவப்பை மட்டும் துடைத்துவிடும், உள்ளே புண் பரவும். இந்த ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போடப்போகிறேன். பக்கத்திலேயே, திறந்த புட்டியைப் பொதுவாக 28 நாளில் எறிய வேண்டும் என்பதும், மூக்கோரக் கண்முனையை ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்குவது குறையும் என்பதும் வரும். இவற்றுக்குக் கலைச்சொல் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கடைசியாக, இன்னும் கையில் பிடிபடாத சொல் "ஸ்டீராய்டு ரெஸ்பான்டர்", அதாவது ஸ்டீராய்டு போட்டால் கண்ணின் அழுத்தம் ஏறிவிடுபவர். கண்ணின் உள்ளழுத்தம் வழக்கமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம். ஸ்டீராய்டு சொட்டை வாரக்கணக்கில் போட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது ஏறும், சிலருக்கு மிக அதிகமாக ஏறும். வலியே தெரியாது, அளந்தால்தான் தெரியும். 10 நாளுக்கு மேல் போகும்போது அழுத்தத்தை அளக்கச் சொல்வது இதற்காகத்தான். "எதிர்வினையாளர்" என்றால் ஏதோ புரட்சிக்காரர் மாதிரி இருக்கிறது. "அழுத்தமேறி" என்று எழுதிப் பார்த்தேன், மரமேறி நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். நோயாளியைப் பெயர் வைத்துக் கூப்பிடாமல், "அழுத்தம் ஏறும் வாகு" என்று உடல்வாகின் பக்கமாகச் சொல்லலாமா? மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று குறிப்பு அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
"அளவைக் குறைத்தல்" எதிர்க்கட்சி