மாட்டு முதுகுல முடியோட சேந்து பக்கு கட்டுது, படர்தாமரையா வேற ஏதாவதா?

கேள்வி:
மழை விடாம பேஞ்சதுலேர்ந்து மந்தையில ஏழெட்டு மாட்டுக்கு முதுகுலயும் திமில் பக்கமும் முடி கொத்து கொத்தா ஒட்டிக்கிட்டு அடியில தடியா பக்கு கட்டியிருக்கு, இப்ப ஒரு கன்னுக்குட்டிக்கும் மூஞ்சில ஆரம்பிச்சிடுச்சு. படர்தாமரைன்னு சிலர் சொல்றாங்க. மாடு உரசிக்கல, காய்ச்சலும் இல்ல, ஆனா ஒரு பசு தீனி ரொம்ப குறைச்சிடுச்சு, பாக்கவே கஷ்டமா இருக்கு. என்ன பண்ணலாம்?

பதில் 1:
கிளவுஸ் போட்டுக்கிட்டு பக்கை முடியோட புடிச்சு மெதுவா இழுத்துப் பாருங்க. பெயின்ட் பிரஷ் மாதிரி கொத்தா வந்து அடிப்பக்கம் குழிவா, ஈரமா சீழ் ஒட்டியிருந்தா டெர்மட்டோஃபைலோசிஸா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இது படர்தாமரை மாதிரி பூஞ்சை இல்லங்க, டெர்மட்டோஃபைலஸ் காங்கோலென்சிஸ்னு ஒரு பாக்டீரியா. காஞ்ச பக்குலயே மாசக்கணக்குல உயிரோட கிடக்கும், ஈரம் பட்டதும் நீந்துற வித்துக்கள் வெளிய வந்து ஊறிப்போன தோல்ல, உண்ணி கடிச்ச இடத்துல, முள்ளு கீறுன இடத்துல உள்ள பூந்துரும், அதான் மழையில இவ்ளோ வேகமா பரவுது. படர்தாமரைன்னா வட்டமா சாம்பல் நிறத்துல காஞ்சு இருக்கும், கன்னுக்கு பெரும்பாலும் கண்ணைச் சுத்தி வரும். சொறின்னா அரிப்பு தாங்காம உரசிக்கிட்டே நிக்கும். காய்ச்சலோட கட்டி கட்டியா வந்தா தோல் கழலை நோயான்னு பாக்கணும், அது வைரஸ்.

பதில் 2:
மேல சொன்னது சரி, ஆனா கண்ணால பாத்தே முடிவு பண்ணிடாதீங்க. புது பக்கு ரெண்டு மூணு எடுத்து காகித கவர்ல காயவச்ச மாதிரியே லேபுக்கு குடுங்க. ஊறவச்சு நசுக்கி ஜீம்சா சாயம் போட்டு பாத்தா கிளைவிட்ட இழைக்குள்ள அந்த பாக்டீரியா உருண்டை உருண்டையா பக்கத்து பக்கத்துல வரிசை கட்டி நிக்கும், தெரிஞ்சவங்க பாத்த உடனே சொல்லிடுவாங்க.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. எல்லாத்துக்கும் ஊசி போடணுமா? ரெண்டு மாடு கறவையில இருக்கு.

பதில் 3:
லேசா இருக்குற மாட்டுக்கு ஈரம் படாம வச்சாலே நிறைய ஆறிடும். உடம்பு முழுக்க பரவுனதுக்குத்தான் ஊசி, லாங் ஆக்டிங் ஆக்ஸிடெட்ராசைக்ளின்னு (ரொம்ப நேரம் வேலை செய்யுற ஆன்டிபயாடிக்) உடம்பு எடையில கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்குல போடுவாங்க, இல்லன்னா பெனிசிலின் ஸ்ட்ரெப்டோமைசின் சேத்து, எதுன்னு டாக்டர்தான் சொல்லணும். ஊசி போட்டா பாட்டில்ல சொன்ன நாள் வரைக்கும் அந்தப் பாலை யாருக்கும் குடுக்கக் கூடாது. பக்கை போவிடோன் அயோடின்ல ஊறவச்சு எடுத்து எரிச்சிடுங்க, காஞ்ச பக்கை பிச்சா மாட்டுக்கு உயிர் போற வலி. அப்புறம் நல்லா துடைச்சு காயவிடுங்க, சுத்தம்னு நெனச்சு தினம் குளிப்பாட்டாதீங்க, அது நோயை வளக்கத்தான் செய்யும். வந்த மாட்டை தனியா கட்டி, உண்ணி மருந்தும் போடுங்க. மனுசங்க கைக்கும் ஒட்டும், கிளவுஸ் முக்கியம். தீனி குறைச்ச பசுவை மட்டும் தள்ளிப் போடாம இன்னைக்கே காட்டிடுங்க.