டர்போ புகைத்தால் சீல் போய்விட்டதா? 35 டிகிரிச் சண்டை

கரிக்கை:
புதிதாக மாட்டிய டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) நீலப்புகை விடுகிறது என்று நேற்று ஒரு தம்பி கேட்டார். அதற்கு வேகவேந்தன், "ஆயில் சீல் கிழிந்துவிட்டது, கழற்றி எறிந்துவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்கு" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. கிழிவதற்கு அங்கே ரப்பர் சீல் எங்கே இருக்கிறது? ஷாஃப்டில் இருப்பது பிஸ்டன் ரிங்கைப் போன்ற மெல்லிய உலோக வளையம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டும் இடத்தில் ரப்பர் என்ன பாடுபடும்! பேரிங்குக்கு ஆயில் அழுத்தத்தோடு வருகிறது, வெளியேறும்போது தன் எடையால் மட்டுமே வடிகிறது. வடிகுழாய் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் ஆயில் தேங்கி, வளையத்தைத் தாண்டி, எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் டர்பைன் சக்கரத்தின் பக்கம் கசியும். முதலில் குழாயைப் பாருங்கள்.

வேகவேந்தன்:
சீல் என்றால் சீல்தான், அது ரப்பரா இரும்பா என்று எனக்குப் பாடம் வேண்டாம். என் வண்டியின் வடிகுழாய் 45 டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டு வருடமாக ஒரு பொட்டுப் புகை இல்லை. உங்கள் 35 எங்கே போயிற்று?

பாதரசம்:
எந்த டர்போவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யலாமா? ஷாஃப்டை உலோக உருண்டைகள் தாங்கும் பால் பேரிங் வகைக்கு ஆயில் குறைவாகவே வேண்டும், வரும் ஆயிலைக் கட்டுப்படுத்த சுமார் 1 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டரை வைப்பார்கள். அதை விட்டுவிட்டால் வெள்ளமாகப் பாய்ந்து புகைக்கும். உருண்டை இல்லாமல் ஆயில் படலத்திலேயே ஷாஃப்ட் மிதக்கும் ஜர்னல் பேரிங்குக்குப் பொதுவாக அது தேவையில்லை. எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸிலிருந்து வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்து, அங்கே அழுத்தம் ஏறினாலும், ஆயில் கீழே இறங்க வழியில்லாமல் நிற்கும்.

கரிக்கை:
அதெல்லாம் பிறகு. 45 டிகிரி என்று எதை வைத்து அளந்தீர்கள் வேகவேந்தன்? கண்ணாலா? போன மாதம் நான் கழற்றிய ஒரு வண்டியைச் சொல்கிறேன். அங்கேயும் "சீல் போய்விட்டது" என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வடிகுழாயின் ஃபிளேஞ்சைத் திறந்தால், கேஸ்கட்டுக்கு மேல் அள்ளிப் பூசிய சிவப்பு சிலிக்கான் பசை உள்ளே பிதுங்கி, நாக்கைப் போலத் துளையில் தொங்குகிறது. மிஞ்சியது ஒரு பென்சில் நுழையும் சந்து. நகத்தால் பிய்த்துப் போட்டுவிட்டு அதே டர்போவை மாட்டினேன். எக்ஸாஸ்ட்டில் தங்கிய பழைய ஆயில் எரிந்து தீரும்வரை புகைத்தது, பிறகு நின்றுவிட்டது. புதிய டர்போ வாங்கியவர்களுக்கும் புகை நின்றிருக்கும், கூடவே பசையும் போனதால்!

வேகவேந்தன்:
கதை நன்றாக இருக்கிறது, ஆனால் அது பசையின் கதை. 35 டிகிரிக்கு ஆதாரம் எங்கே? என்னுடையது 45, புகை இல்லை. நூறு முறை கேட்டாலும் 45தான்.

புதியசக்கரம்:
அண்ணன்மார்களே, கேள்வி கேட்டவன் நான்தான். என் வடிகுழாய் சம்ப்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) ஆயில் மட்டத்துக்குக் கீழே சேருகிறது. அது தவறா? ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் லேசாக ஆடவும் செய்கிறது.

பாதரசம்:
தவறுதான் தம்பி, மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். ஜர்னல் பேரிங் என்றால் பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இருக்கும், ஓடும்போது அந்த இடைவெளியை ஆயில் படலம் நிரப்பிவிடும். சக்கரம் கூட்டில் உரசினாலோ, ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடுவது கைக்குத் தெரிந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

வேகவேந்தன்:
தம்பி, ஆடுகிறது என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. பெரியதாக மாட்டுங்கள், இரண்டு தொல்லையும் தீரும்.

கரிக்கை:
மறுபடியும் பெரியதா! போன வருடம் ஒரு 2 லிட்டர் எஞ்சினுக்கு நீங்கள் சிபாரிசு செய்ததை மறந்துவிட்டீர்களா? 4500 சுற்றுவரை பூஸ்டே (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறாமல் வண்டிக்காரர் தவித்தார், அதற்கு மேல் டர்போ முழித்ததும் டயர் வழுக்கியது. டர்போ எவ்வளவு காற்றை எந்த அழுத்தத்தில் தரும் என்று காட்டும் கம்ப்ரஸர் மேப்பில் காற்றளவையும் அழுத்த விகிதத்தையும் புள்ளி வைத்துப் பார்க்காமல், காற்று பின்னோக்கித் திரும்பி அடிக்கும் எல்லையான சர்ஜ் கோடு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல் ஆலோசனை சொல்வது பாவம். 1962இல் வந்த முதல் டர்போ காரான ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயருக்கும் இதே கதிதான். அதற்குத் தனியாக ஊற்ற வேண்டிய திரவத்தைப் பலர் ஊற்றாமல் ஓட்டினார்கள், பழி டர்போவின் தலையில் விழுந்தது.

வேகவேந்தன்:
அதே 1962இல் செவர்லே கோர்வெர் மோன்சா ஸ்பைடரும் டர்போவோடு வந்தது. அதை விட்டுவிட்டு ஜெட்ஃபயரை மட்டும் முதல் கார் என்று எழுதுகிறவர், 35 டிகிரியை மட்டும் சரியாகச் சொல்வார் என்று எப்படி நம்புவது?

கரிக்கை:
டர்போவுக்குச் சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி (Büchi) காப்புரிமை கோரியது 1905இல். வரலாற்றில் என்னோடு மோத வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, குழாயில் கோணமானியை வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள்.

புதியசக்கரம்:
அப்படியானால் நான் சம்ப்பில் வேறு துளை போட வேண்டுமா?

வேகவேந்தன்:
நாளை போடுகிறேன் படம். 45 என்றுதான் காட்டும்.

கரிக்கை:
செங்குத்திலிருந்து அளக்க வேண்டும், தரையிலிருந்து அல்ல. இப்போதே சொல்லிவிட்டேன்.