ஏப்ரல் 2020இல் கோயில் திடலுக்கு வந்த வெள்ளை வண்டி யாருடையது?

பழைய கிராணி (இரவு 8.40)
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சுங்கை சிப்புட் தோட்டத்து மக்களுக்கு ஒரு செடி நடச் சொல்லிக்கொடுக்கக்கூட எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்கவில்லை; எல்லாம் கைப்பேசியில் கற்றதுதான்" என்கிறார் நாலாம் டிவிஷன் என்பவர். பொய். கொரோனாவுக்காக 18 மார்ச் 2020 அன்று மலேசியா முழுவதும் அடைக்கப்பட்டது. ஏப்ரல் இரண்டாம் வாரம் கோயில் திடலுக்கு ஒரு வெள்ளை ஹைலக்ஸ் பிக்கப் வண்டி வந்தது. முகக்கவசம் போட்ட ஓர் அதிகாரி இறங்கினார். எங்கள் ஆறு பேரை ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்க வைத்து, பாத்தி கட்டுவதையும் வெண்டை விதையை முதல் நாள் இரவே ஊறவைப்பதையும் செய்து காட்டினார். நான் நேரில் நின்றவன். நன்றி மறந்து பேசக் கூடாது.

நாலாம் டிவிஷன் (இரவு 8.52)
வணக்கம் கிராணி ஐயா. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன், வேப்பமரத்தடியில். நீங்கள் என்னைக் கவனித்திருக்க மாட்டீர்கள், எப்போது கவனித்தீர்கள்? வந்தவர் அதிகாரி இல்லை. உர வியாபாரி. பாத்தி கட்டிக் காட்டியது உண்மைதான். முடித்துவிட்டு வண்டியின் பின்கதவைத் திறந்து, பச்சை உரத்தையும் நீல உரத்தையும் கிலோக் கணக்கில் நிறுத்து விற்றார். எந்த அதிகாரி தராசோடு வருவார்? எனக்கு ரசீதுகூடக் கொடுத்தார்.

தோட்டத்து ஸ்டோரில் முப்பது வருடம் உர மூட்டை எண்ணியவருக்கே உர வியாபாரியை அடையாளம் தெரியவில்லை என்றால் என்ன சொல்வது?

பழைய கிராணி (இரவு 8.58)
முப்பது இல்லை, முப்பத்து நான்கு வருடம். மூட்டை எண்ணியது ஸ்டோர் கிராணி. நான் செக்ரோல் கிராணி, ஆட்களின் வருகையையும் சம்பளத்தையும் பதிந்த எழுத்தர். வித்தியாசம் தெரியாதவரிடம் பேசுகிறேன். விற்றது உரம் இல்லை, மாதிரிப் பொட்டலம். வந்தது ஹைலக்ஸ். அரசாங்க வண்டி.

கடைசி லயம் (இரவு 9.05)
இடையில் பேசுவதற்கு மன்னிக்கவும். அது ஹைலக்ஸ் இல்லை. டிரைட்டன். பட்டறையில் இருபது வருடம் இருந்தவன் சொல்கிறேன்.

பழைய கிராணி (இரவு 9.07)
ஹைலக்ஸ்.

ஓய்வுபெற்ற ஆசிரியை (இரவு 9.15)
வண்டி எதுவாக இருந்தால் என்ன? முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். விவசாய விரிவாக்கப் பணி என்று எதைச் சொல்கிறோம்? அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் சொல்லிக்கொடுத்தால் மட்டும்தானா? வியாபாரி சொல்லிக்கொடுத்து நான்கு பேர் கற்றால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போனால் நன்றாக இருக்கும். அப்புறம், நேற்றிலிருந்து எல்லாரும் "வாட்ஸ்அப்" என்று எழுதுகிறீர்கள். புலனம் என்று அழகான சொல் நம் நாட்டில் புழங்குகிறது.

நாலாம் டிவிஷன் (இரவு 9.21)
டீச்சர், புலனத்தில்தான் கற்றோம் என்று நானும் சொல்கிறேன். கிராணி ஐயாதான் வாகனத்தில் கற்றேன் என்கிறார்.

இன்னொரு கேள்வி. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம், அதுவும் 10 கிலோமீட்டருக்குள் என்று சட்டம் வந்தது. சாலைத் தடுப்பில் போலீஸ், ராணுவம். நம் திடலிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் எந்த விவசாய அலுவலகம் இருக்கிறது? அதிகாரி பறந்து வந்தாரா?

பழைய கிராணி (இரவு 9.33)
கேட்கிற கேள்வியைப் பாருங்கள். 10 கிலோமீட்டர் என்பது சாமான் வாங்கப் போகிற குடும்பத் தலைவனுக்கு. உணவு வழங்கல் அத்தியாவசியப் பட்டியலில் இருந்தது. கடிதம் வைத்திருந்தால் விடுவார்கள். அந்த ஹைலக்ஸ் கண்ணாடியில் கடிதம் ஒட்டியிருந்தது. நான் பார்த்தேன்.

நாலாம் டிவிஷன் (இரவு 9.36)
அத்தியாவசியம் என்றால் கேமரன் மலையில் அதே மார்ச் மாதம் காய்கறியை லாரி லாரியாக ஏன் கொட்டினார்கள்? அத்தியாவசியமான குப்பையா?

செம்பனைச் சின்னவர் (இரவு 9.48)
அது வேறு விஷயம், தம்பி. பயிரிட யாரும் தடை போடவில்லை. வாங்குகிற சந்தை முடங்கியது, லாரி ஓடவில்லை, உணவகங்கள் மூடிக்கிடந்தன. செடியில் இருந்தாலும் பழுக்கும், பறித்தாலும் அழுகும். எங்களுக்கும் அதே பயம்தான். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்பவில்லை என்றால் எண்ணெயின் அமிலம் ஏறும், தரம் இறங்கும். சபா மாநிலத்தில் சில மாவட்டங்களில் அந்த மார்ச்சில் ஆலைகளையே மூடச் சொன்னார்கள். இங்கே ஆலை ஓடியது, தப்பித்தோம்.

கேட்டதால் சொல்கிறேன்: என் ஆறு ஏக்கருக்கு ஆலோசனை கிடைத்தது, தொலைபேசியில். ஆனால் என்னிடம் நில கிராண்ட், அதாவது பட்டா, இருக்கிறது, குலை விற்கும் லைசென்ஸ் இருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து எம்.எஸ்.பி.ஓ. என்ற மலேசிய நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் கட்டாயம் ஆனதால் என் பெயர் ஏற்கெனவே ஒரு பட்டியலில் ஏறியிருந்தது. லயத்து வரிசை வீட்டில் இருக்கிறவர் எந்தப் பட்டியலில் இருக்கிறார்? வீடு தோட்டத்துடையது, மண் தோட்டத்துடையது. ஓர் அதிகாரி உங்களைத் தேடி வரவேண்டும் என்றால் உங்கள் பெயர் எங்காவது விவசாயி என்று இருக்க வேண்டும் அல்லவா? வண்டிச் சண்டையை விட்டுவிட்டு இதைப் பேசலாம்.

பழைய கிராணி (இரவு 9.55)
பேசலாம். அந்த ஹைலக்ஸ் வந்ததே பட்டியலில் இல்லாதவர்களுக்காகத்தான். அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்.

கடைசி லயம் (இரவு 9.56)
டிரைட்டன்.

பைமிளகாய் (இரவு 10.02)
எல்லாருக்கும் வணக்கம். நான் 2020இல் வேலை போனபின் பைகளில் மிளகாய் போட்டவள். தேங்காய் நார்த்தூள், சொட்டுக் குழாய், தண்ணீரில் கலந்து விடும் ஏ உரம், பி உரம். கற்றதெல்லாம் புலனக் குழுவில். அதில் ஒருவர் அனுப்பிய செய்தியில், ஏ, பி இரண்டையும் அப்படியே ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கி வைத்துக்கொண்டால் தினமும் வேலை மிச்சம் என்று இருந்தது. செய்தேன். அடியில் வெள்ளையாக மாவு மாதிரி படிந்தது. குழாய் எல்லாம் அடைத்துக்கொண்டது. எண்பது பைகளும் மஞ்சளாகிப் போயின. தவறு என்ன என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்குக் கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவ்வளவுதான்.

இப்போது புதிய செடிகளில் இலை மேல்நோக்கிச் சுருள்கிறது. யாராவது சொல்ல முடியுமா?

பழைய கிராணி (இரவு 10.06)
பார்த்தீர்களா! புலனத்தில் கற்றால் இதுதான் கதி. நாலாம் டிவிஷன் இப்போது வாய் திறப்பாரா?

நாலாம் டிவிஷன் (இரவு 10.09)
திறக்கிறேன். அந்த அக்காவுக்கு எண்பது பைகள் போனபோது உங்கள் ஹைலக்ஸ் அதிகாரி எங்கே போனார்? ஒரு முறை வந்து உரம் விற்றுவிட்டுப் போனவர் திரும்பி வந்தாரா? அதிகாரி என்றால் செடி வளர்ந்ததா என்று பார்க்கத் திரும்பி வருவார். வியாபாரி என்றால் உரம் தீர்ந்ததா என்று பார்க்க வருவார். அவர் மே மாதம் மறுபடி வந்தார். எதைப் பார்க்க வந்தார் என்று கேளுங்கள்.

பழைய கிராணி (இரவு 10.11)
மே 4 முதல் கட்டுப்பாடு தளர்ந்தது. எல்லாரும்தான் வந்தார்கள்.

செம்பனைச் சின்னவர் (இரவு 10.19)
பைமிளகாய் அவர்களுக்கு: ஏ உரத்தில் கால்சியம் இருக்கிறது. பி உரத்தில் பாஸ்பேட்டும் சல்பேட்டும் இருக்கின்றன. கெட்டியான கரைசலாகவே இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். செடிக்குப் போய்ச் சேராது. தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, ஏ ஊற்றிக் கலக்கி, அதன்பின் பி ஊற்ற வேண்டும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் மருந்து வேறு. வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டிப் பாருங்கள், ஊர்வது தெரியும்.

பழைய கிராணி (இரவு 10.24)
சாம்பல் தூவினால் போதும். எங்கள் அம்மா சாம்பல்தான் தூவுவார். சப்பான்காரன் காலத்தில் மரவள்ளி நட்டு ஏழு பிள்ளைகளைக் காப்பாற்றியவர் அவர். எந்தப் புலனமும் இல்லை. 1974இல் பிரதமர் துன் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டம் கொண்டுவந்து வீட்டைச் சுற்றிப் பயிர் செய்யச் சொன்னபோது, எங்கள் லயத்தில் அதற்கு முன்பே பாகல், புடலை, முருங்கை எல்லாம் இருந்தன. நாங்கள் யாரிடமும் கற்கவில்லை.

நாலாம் டிவிஷன் (இரவு 10.27)
யாரிடமும் கற்கவில்லை என்றால், ஆறு பேராக வரிசையில் நின்று வெண்டை விதை ஊறவைக்க யாரிடம் கற்றீர்கள் ஐயா? எட்டரை மணிக்கு அதிகாரி இல்லாமல் ஊரே இல்லை என்றீர்கள். பத்தரை மணிக்கு அம்மாவே போதும் என்கிறீர்கள்.

இன்னொன்று: ஆறு பேர் கூடினோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் கட்டுப்பாட்டை மீறினால் தண்டம் 1,000 வெள்ளி (ரிங்கிட்). படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை (இரவு 10.31)
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. போகட்டும். நம் தமிழ்ப்பள்ளித் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி மூடியபின் அந்தப் பாத்திகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியது காவலாளியின் மனைவி. செங்கீரையும் தண்டுக்கீரையும் வெட்டி வாசலில் கட்டிவைப்பார். வேண்டியவர்கள் எடுத்துப் போவார்கள். பிள்ளைகளுக்கு அதைப் பாடமாக அனுப்ப நான் முயன்றேன். கைப்பேசி வீட்டுக்கு ஒன்று. தோட்டத்தின் நான்காம் டிவிஷன் (பிரிவு) பக்கம் அலைக்கம்பமே கிடையாது. அந்த வருடம் சபாவில் ஒரு மாணவி தேர்வு எழுத மரத்தில் ஏறி உட்கார்ந்ததை ஊரே வியந்தது. இங்கே பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினார்கள், யாரும் வியக்கவில்லை. அப்படி இருக்க, நாலாம் டிவிஷன் அவர்களே, உங்கள் பக்கத்தில் எல்லாரும் புலனத்தில் கற்றார்கள் என்பதை எப்படி நம்புவது?

நாலாம் டிவிஷன் (இரவு 10.38)
பெயர்தான் நாலாம் டிவிஷன், டீச்சர். 2016இலேயே பட்டணத்துக்கு வந்துவிட்டேன்.

பழைய கிராணி (இரவு 10.39)
ஆக, ஊரிலேயே இல்லாதவர்!

நாலாம் டிவிஷன் (இரவு 10.40)
திடலில் இருந்தேன். வேப்பமரத்தடியில்.

பழைய கிராணி (இரவு 10.42)
அது வேப்பமரம் இல்லை, நாகலிங்க மரம். மரமே தெரியாதவர் வண்டியைப் பற்றிச் சாட்சி சொல்கிறார். வேப்பமரம் 2018இல் விழுந்துவிட்டது. வெட்டிய கட்டைக்கு ஏலம் விட்டு வந்த பணம் எங்கே போனது என்பதை அன்றைய கோயில் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். அந்த நிர்வாகத்தில் யார் இருந்தார் என்று கடைசி லயம் சொல்வாரா?

கடைசி லயம் (இரவு 10.50)
கட்டைப் பணத்தை இழுக்க வேண்டாம், கிராணி. இழுத்தால் நானும் ஒன்று கேட்பேன். கட்டுப்பாட்டு நேரத்தில் கோயில் நிலத்தில் பாத்தி போட்ட ஆறு குடும்பமும் கோயில் குழாயில்தான் தண்ணீர் எடுத்தது. அந்த வருடத் தண்ணீர்க் கட்டணம் இரண்டு மடங்கு. யார் கட்டியது? உங்கள் பாகற்பந்தல்தான் எல்லாவற்றிலும் பெரியது. ஒரு பாகற்காய் வீட்டுக்கு வந்ததா என்று என் மனைவியைக் கேளுங்கள்.

பழைய கிராணி (இரவு 10.53)
உங்கள் வீட்டு மாடு தின்றது போக மிச்சம் இருந்தால்தானே கொடுப்பதற்கு?

நிர்வாகி (இரவு 10.58)
மாடு, கட்டை, தண்ணீர்க் கணக்கு எல்லாவற்றுக்கும் தனித்தனித் தலைப்பு தொடங்கவும். எந்தத் துறை, எந்தக் கடை என்று பெயர் குறிப்பிட்டால் பதிவு நீக்கப்படும்.

பைமிளகாய் (இரவு 11.04)
சின்னவர் ஐயா, தாளில் தட்டிப் பார்த்தேன். மெல்லிய மஞ்சள் கோடு மாதிரி நிறைய ஊர்கின்றன. என்ன தெளிக்கலாம்?

பழைய கிராணி (இரவு 11.06)
அம்மா, கொஞ்சம் பொறுங்கள். இது முடியட்டும். பழைய கைப்பேசியைத் தேடி எடுத்துவிட்டேன். அன்றைய படம் இருக்கிறது. இதோ போடுகிறேன். எல்லாரும் கண்ணைத் திறந்து பாருங்கள்.

நாலாம் டிவிஷன் (இரவு 11.12)
பார்த்தேன். உங்கள் தோள், நாகலிங்க மரத்தில் பாதி, ஒரு பின்சக்கரம். அதிகாரியும் இல்லை, கடிதமும் இல்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் தெரிகிற மூட்டை என்ன, ஐயா?

பழைய கிராணி (இரவு 11.13)
அது என் மூட்டை. சக்கரத்தைப் பாருங்கள். ஆறு நட்டு. ஹைலக்ஸ்.

கடைசி லயம் (இரவு 11.15)
டிரைட்டனுக்கும் ஆறு நட்டுதான்.

பழைய கிராணி (இரவு 11.16)
அப்படியானால் ஹைலக்ஸ் என்பதற்கு மறுப்பு இல்லை. ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

கடைசி லயம் (இரவு 11.17)
நான் எங்கே ஒப்புக்கொண்டேன்? டிரைட்டன்.

செம்பனைச் சின்னவர் (இரவு 11.20)
பைமிளகாய், சாம்பல் வேண்டாம். நீல நிற ஒட்டும் அட்டை கிடைத்தால் பைகளுக்கு இடையில் தொங்கவிடுங்கள், இலைப்பேன் வந்து ஒட்டும். வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் கலந்து மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். மிச்சத்தைத் தனிச்செய்தியில் எழுதுகிறேன். இங்கே எழுதினால் யார் கண்ணிலும் படாது.

பழைய கிராணி (இரவு 11.22)
என் கண்ணில் பட்டது. சாம்பலைக் குறை சொல்ல உங்களுக்கு என்ன தகுதி? ஆறு ஏக்கர் வைத்திருந்தால் போதுமா? நாளைக் காலையில் விரிவாக எழுதுகிறேன். நாலாம் டிவிஷன், ரசீது இருக்கிறது என்றீர்களே, அதைப் போடுங்கள்.

நாலாம் டிவிஷன் (இரவு 11.24)
முதலில் நீங்கள் தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள்.